பெயர் தேய்ந்த உதிரிகள்

ஓடாமல் போன செல்போன் சார்ஜரையோ டிவி ரிமோட்டையோ எல்இடி பல்பையோ ஒருமுறையாவது திறந்து பார்க்காத வீடு குறைவு. திறந்ததும் ஒரு பச்சைப் பலகை தெரியும். அதன்மேல் கறுப்பும் பழுப்புமாகச் சின்னஞ்சிறு துணுக்குகள் ஒட்டியிருக்கும். சிலவற்றில் இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கும். பலவற்றில் ஒன்றுமே இருக்காது. அவற்றில் ஒன்று கருகியிருந்தால் யாருக்கும் எழும் கேள்வி இதுதான்: இதற்கு என்ன பெயர்? பெயர் தெரிந்தால் கடையில் கேட்டு வாங்கி மாற்றிவிடலாமே!

அதே பலகையைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தால், திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மீட்டர் முனைகளை நாலைந்து இடத்தில் வைக்கிறார். பிறகு, "இது ரெகுலேட்டர் ஐசி, பக்கத்தில் இருப்பது டையோடு" என்கிறார். எழுத்தே இல்லாத பொருளை அவரால் எப்படி அடையாளம் காண முடிகிறது? அனுபவம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்த அனுபவத்துக்குள் ஒரு தெளிவான தர்க்கம் இருக்கிறது. மீட்டர் பிடிக்கத் தெரிந்த எவரும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

பெயர் எழுத இடமில்லை

பள்ளி ஆய்வகத்தில் நிற வளையங்களைப் பார்த்து ஓம் கணக்கிட்ட மின்தடை நினைவிருக்கும். அதற்கு இரண்டு கம்பிக் கால்கள். பலகையில் துளையிட்டு, கால்களை நுழைத்து, மறுபக்கம் ஈயம் வைப்பார்கள். 1960களில் ஐபிஎம் நிறுவனம் துளையே போடாமல், உதிரிகளைப் பலகையின் பரப்பிலேயே வைத்துப் பற்றவைக்கும் முறையை வளர்த்தெடுத்தது. நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டை வழிநடத்திய கணினி இந்த அணுகுமுறையில் உருவானது. 1990களின் இறுதிக்குள் மின்னணுக் கருவிகளில் பெரும்பாலானவை இதற்கு மாறிவிட்டன. இப்படிப் பொருத்தும் பாகங்களை இங்கே மேற்பரப்பு உதிரிகள் என்போம். கடைத்தெருவில் இவற்றுக்கு எஸ்எம்டி என்று பெயர்.

கம்பிக் கால்கள் போனதும் உதிரிகள் வேகமாகச் சிறுத்தன. 0805 என்ற அளவுள்ள மின்தடை 2 மில்லிமீட்டர் நீளம், 1.25 மில்லிமீட்டர் அகலம். 0402 என்பது அதிலும் பாதி: 1 மில்லிமீட்டருக்கு 0.5. செல்போன்களில் 0.4 மில்லிமீட்டருக்கு 0.2 என்ற அளவுவரை வந்துவிட்டார்கள். இந்த எண்களில் ஒரு குழப்பமும் இருக்கிறது. 0603 என்பது அங்குலக் கணக்கில் 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள உதிரியைக் குறிக்கும். மெட்ரிக் கணக்கில் அதே 0603 வெறும் 0.6 மில்லிமீட்டர் நீளமுள்ள வேறொன்றைக் குறிக்கும். வாங்கும்போது மில்லிமீட்டரில் கேட்பதே பாதுகாப்பு.

மூன்று கால் உதிரிகளுக்கு மிகப் பரவலான உடல் வடிவம் எஸ்ஓடி-23. அதன் மேல்பரப்பு சுமார் 2.9 மில்லிமீட்டருக்கு 1.3. எம்எம்பிடி3904 என்ற டிரான்சிஸ்டரின் முழுப் பெயரை அதில் கண்ணுக்குத் தெரியும்படி எழுத முடியாது. ஆகவே தயாரிப்பாளர்கள் இரண்டு மூன்று எழுத்தில் ஒரு சுருக்கக் குறியீட்டைப் பொறிக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், எந்தக் குறியீட்டை எந்த உதிரிக்கு வைப்பது என்று உலகம் முழுவதற்கும் பொதுவான பதிவேடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்ததை வைக்கிறது. 1ஏ என்ற குறியீடு ஒரு நிறுவனத்தில் எம்எம்பிடி3904, இன்னொன்றில் பிசி846ஏ. முன்னது 40 வோல்ட்வரைதான் தாங்கும், ஆனால் 200 மில்லி ஆம்பியர் கடத்தும். பின்னது 65 வோல்ட் தாங்கும், ஆனால் 100 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குறியீட்டை மட்டும் நம்பி ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்தால், சில பலகைகளில் ஓடும். சிலவற்றில் ஒரு வாரத்தில் புகையும்.

எழுத்து மங்கியிருந்தால் முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். லேசர் பொறித்த எழுத்துகள் நேர் வெளிச்சத்தில் மறைந்து, சாய்ந்த வெளிச்சத்தில் தெளியும். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும்.

ஒரே எண், மூன்று பொருள்

மின்தடைகள்தாம் ஓரளவு வெளிப்படையாகப் பேசுபவை. 103 என்று எழுதியிருந்தால் 10 எழுதி மூன்று சுழியம்: 10,000 ஓம். நான்கு இலக்கமாக 1002 என்றிருந்தால் 100 எழுதி இரண்டு சுழியம்: அதுவும் 10,000 ஓம்தான். 4ஆர்7 என்றால் ஆர் எழுத்து நிற்கும் இடத்தில் புள்ளி: 4.7 ஓம். வெறும் 0 என்றால் தடையே இல்லை. இரண்டு தடங்களை இணைக்கும் பாலம். ஆனால் 01சி என்ற எழுத்தைப் பார்த்தால் பலர் திகைத்துவிடுகிறார்கள். இது இஐஏ-96 என்ற முறை. இதில் முதல் இரண்டு இலக்கங்கள் மதிப்பைச் சொல்வதில்லை. 96 மதிப்புகள் கொண்ட ஒரு பட்டியலில் எத்தனையாவது என்று சொல்கின்றன. 01 என்றால் பட்டியலின் முதல் மதிப்பான 100. சி என்றால் நூறால் பெருக்கு. விடை மறுபடியும் 10,000 ஓம்.

இதே மூன்றிலக்க முறையை மின்தேக்கிகளும் மின்தூண்டிகளும் (கடையில் காயில் என்பார்கள்) கடன் வாங்கியிருக்கின்றன, அலகை மட்டும் மாற்றிக்கொண்டு. 220 என்பது மின்தடையில் 22 ஓம். காயிலில் 22 மைக்ரோ ஹென்றி. 107 என்று ஒரு டான்டலம் மின்தேக்கியில் இருந்தால் கணக்கு பிக்கோ ஃபாரட்டில் தொடங்கும்: 10 எழுதி ஏழு சுழியம், அதாவது 100 மைக்ரோ ஃபாரட். ஆக, எண்ணைப் படிப்பதற்கு முன்பே அது என்ன வகை உதிரி என்று தெரிந்திருக்க வேண்டும். அதை எண் சொல்லாது.

அடையாளக் கோடும் அப்படித்தான். டையோடின் ஒரு முனையில் இருக்கும் கோடு எதிர்முனையைக் காட்டும். டான்டலம் மின்தேக்கியின் கோடு நேர்முனையைக் காட்டும். இரண்டும் அருகருகே, கிட்டத்தட்ட ஒரே உருவத்தில் உட்கார்ந்திருக்கும். டான்டலத்தைத் திருப்பி வைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் அது தீப்பிடிக்கக்கூடும்.

எழுத்தே இல்லாதவை

பழுப்பு நிறத்தில், மேலும் கீழும் பக்கமும் ஒரே நிறமாக, இரு முனையிலும் வெள்ளி நிறப் பூச்சோடு இருப்பவை பெரும்பாலும் பீங்கான் மின்தேக்கிகள். மின்தடைக்கு மேல்புறம் மட்டும் கறுப்பு, அடிப்புறம் வெள்ளைப் பீங்கான். உடல் முழுக்கக் கருஞ்சாம்பல் என்றால் ஃபெரைட் மணியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு செல்போன் பலகையில் நூற்றுக்கணக்கான பீங்கான் மின்தேக்கிகள் இருந்தும் ஒன்றில்கூட மதிப்பு எழுதியிருக்காது. அளந்து பார்ப்பது ஒரு வழி, ஆனால் அந்த அளவீடு பாதி உண்மையைத்தான் சொல்லும். இவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது பேரியம் டைட்டனேட். மின்னழுத்தம் ஏற ஏற இந்தப் பொருளின் சேமிப்புத் திறன் இறங்கும். மேசையில் 10 மைக்ரோ ஃபாரட் காட்டும் சிறிய மின்தேக்கி, வேலை செய்யும் மின்னழுத்தத்தில் அதில் பாதிக்கும் கீழே போய்விடலாம். எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையோ மீட்டர் சொல்லவே சொல்லாது.

இங்கேதான் பார்வையைத் துணுக்கிலிருந்து எடுத்துப் பலகைக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருவரை, அவர் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், யாரோடு பேசுகிறார் என்பதை வைத்தே மாப்பிள்ளை வீட்டாரா பெண் வீட்டாரா என்று ஊகித்துவிடுகிறோம். உதிரியும் அப்படியே. ஒரு சில்லின் மின்சாரம் நுழையும் காலுக்குப் பக்கத்திலேயே, மறுமுனை கிரவுண்டைத் தொட்டுக்கொண்டு ஒரு சிறிய பழுப்புத் துணுக்கு இருந்தால், அது அந்தச் சில்லின் மின்சாரத்தைச் சலனமில்லாமல் வைத்திருக்கும் மின்தேக்கி. பெரும்பாலும் 0.1 மைக்ரோ ஃபாரட். அந்த இடத்தில் மதிப்பு சற்று முன்பின் இருந்தாலும் வேலை நடக்கும். வோல்ட் மட்டும் குறையக் கூடாது. அதே துணுக்கு ரேடியோ அலை செல்லும் பாதையில் இருந்தால் மதிப்பு துல்லியமாக வேண்டும். இருக்கும் இடம் வேலையைச் சொல்கிறது. வேலை, எவ்வளவு கவனம் தேவை என்பதைச் சொல்கிறது.

பலகையில் அச்சிட்ட வெள்ளை எழுத்துகளையும் விடக்கூடாது. ஆர் என்றால் மின்தடை, சி மின்தேக்கி, எல் காயில், டி டையோடு, கியூ டிரான்சிஸ்டர், யு அல்லது ஐசி என்றால் சில்லு, எஃப் ஃபியூஸ், எஃப்பி ஃபெரைட் மணி, ஒய் அல்லது எக்ஸ் படிகம். பலகையை வடிவமைத்தவர் விட்டுச்சென்ற குறிப்பு இது. மூன்று காலோடு ஒன்று இருக்கிறது, பக்கத்தில் டி7 என்று எழுதியிருக்கிறது என்றால், அது டிரான்சிஸ்டர் போலத் தெரிந்தாலும் டிரான்சிஸ்டர் இல்லை. பிஏவி99 என்ற உதிரி இப்படித்தான்: எஸ்ஓடி-23 உடலுக்குள் இரண்டு டையோடுகள் வரிசையாக இருக்கும்.

மீட்டரின் டையோடு சோதனை அதை உறுதிசெய்யும். சாதாரண சிலிக்கான் சந்திப்பு ஒரு திசையில் 0.6 அல்லது 0.7 வோல்ட் காட்டும், மறுதிசையில் ஒன்றும் காட்டாது. ஷாட்கி வகை டையோடு 0.2, 0.3 என்று குறைவாகக் காட்டும். டிரான்சிஸ்டரில் ஒரே காலில் சிவப்பு முனையை வைத்து மற்ற இரண்டையும் தொட்டால் இரண்டிலும் 0.6 கிடைத்தால் அது என்பிஎன். கறுப்பு முனையை வைத்தால் அப்படிக் கிடைத்தால் பிஎன்பி. பிஏவி99இல் முதல் காலிலிருந்து மூன்றாவதுக்கு 0.6, மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இன்னொரு 0.6 என்று சங்கிலியாக வரும். டிரான்சிஸ்டரில் இந்தச் சங்கிலி கிடைக்காது.

ஆறு கால் சில்லு ஒன்று

இனி ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும் ஒரு சிறிய பலகை இருக்கிறது. குறைந்த மின்னழுத்தத்தைக் கூட்டித் தரும். ஒருவர் அதைக்கொண்டு 5 வோல்ட் பவர் பேங்கில் 12 வோல்ட் எல்இடி பட்டையை எரியவிட்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அது நின்றுவிட்டது. நடுவில் இருக்கும் ஆறு கால் சில்லின் முகம் கருகி, எழுத்து எதுவும் தெரியவில்லை. வேறு பாகங்கள் நன்றாக இருக்கின்றன. சில்லு எது?

முதல் துப்பு, பலகையைத் தொடாமலே கிடைக்கிறது. உள்ளே 5 வோல்ட் கொடுத்து வெளியே அளந்தால் 12 இல்லை. ஆனால் சுழியமும் இல்லை. 5 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக ஏதோ வருகிறது. சில்லு செத்த பிறகும் மின்சாரம் வெளியே வர ஒரு வழி இருக்கிறது என்று பொருள். மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றில் எல்லா மின்சாரமும் சில்லின் வழியாகத்தான் போயாக வேண்டும். சில்லு துண்டித்துக்கொண்டு செத்தால் வெளியே ஒன்றும் வராது. உயர்த்தும் சுற்றில் காயிலும் டையோடும் வரிசையாக, சில்லுக்கு வெளியே நிற்கும். அவற்றின் வழியே மின்சாரம் கசிந்து வந்துகொண்டிருக்கும். ஆகவே இது உயர்த்தும் வகை.

மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகள் வடிந்தபின் செம்புத் தடங்களைத் தொடர்வோம். உள்ளீட்டின் நேர்முனையிலிருந்து அகலமான தடம் 220 என்று எழுதிய காயிலுக்குப் போகிறது. காயிலின் மறுமுனை சில்லின் மூலைக் காலொன்றையும், எஸ்எஸ்34 என்று எழுதிய டையோடின் ஒரு முனையையும் தொடுகிறது. எஸ்எஸ்34 என்பது 3 ஆம்பியர், 40 வோல்ட் தாங்கும் ஷாட்கி டையோடு. அதன் கோடுள்ள முனை வெளியீட்டுக்குப் போகிறது. அப்படியானால் மூலைக் கால்தான் மாற்றியின் கால். சில்லு அந்தக் காலை ஒரு கணம் கிரவுண்டோடு சேர்க்கிறது. காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது. மறுகணம் விடுவிக்கிறது, ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென நிற்க முடியாமல், மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டு டையோடு வழியாக வெளியேறுகிறது. இது நொடிக்குப் பல லட்சம் முறை நடக்கிறது.

மூலைக் காலை 1 என்று எண்ணுவோம். அதே பக்கத்தின் நடுக்கால், 2, கிரவுண்டைத் தொடுகிறது. எதிர்ப்பக்கத்தின் நடுக்கால், 5, உள்ளீட்டின் நேர்முனை. அதன் பக்கத்திலுள்ள 4 உள்ளீட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சில்லை எப்போதும் விழித்திருக்கச் செய்யும் கால் அது. 6 எதையும் தொடவில்லை. மீதி இருப்பது 3. அதிலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று, 222 என்று எழுதிய மின்தடை வழியாகக் கிரவுண்டுக்கு: 2.2 கிலோ ஓம். மற்றொன்று, திருகிச் சரிசெய்யும் மின்தடை வழியாக வெளியீட்டுக்கு. அதன்மேல் 104 என்று இருக்கிறது: முழுக்கத் திருகினால் 100 கிலோ ஓம்.

இந்த மூன்றாவது கால்தான் பின்னூட்டக் கால். வெளியீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று சில்லு தெரிந்துகொள்ளும் வழி அது. சில்லுக்குள் ஒரு நிலையான ஒப்பு மின்னழுத்தம் இருக்கும். பின்னூட்டக் காலில் வருவது அதற்குச் சமமாகும்வரை சில்லு வெளியீட்டை ஏற்றும் அல்லது இறக்கும். அந்த ஒப்பு மின்னழுத்தம் ஒவ்வொரு சில்லுக் குடும்பத்துக்கும் வேறுபடும்: சிலவற்றில் 0.6 வோல்ட், சிலவற்றில் 0.8, பழைய குடும்பங்களில் 1.25. அதைக் கண்டுபிடித்தால் தேடல் வெகுவாகச் சுருங்கும்.

செத்த சில்லிடம் அதைக் கேட்க முடியாது. ஆனால் அது உயிரோடு இருந்தபோது செய்த வேலையின் சுவடு திருகு மின்தடையில் அப்படியே இருக்கிறது, யாரும் அதைத் தொடாதவரை. 12 வோல்ட் வரும்படி திருகி வைத்தது அப்படியே நிற்கிறது. அதை அளக்க வேண்டும். பலகையில் வைத்தே அளந்தால் மற்ற பாகங்கள் வழியாகவும் மின்சாரம் சுற்றிப் போகும். மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். மின்தேக்கிகள் முழுக்க வடிந்திருந்தால், அதிகமாக மட்டும் காட்டாது. இது நினைவில் வைக்கத்தக்க விதி. எனவே ஒரு முனையின் ஈயத்தை உருக்கித் தூக்கிவிட்டு அளக்கிறோம். 41.8 கிலோ ஓம் வருகிறது.

கணக்கு எளிது. மேலே 41.8, கீழே 2.2. இரண்டும் சேர்ந்து 44. கீழ்ப்பகுதி மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. வெளியீடு 12 வோல்ட் என்றால் பின்னூட்டக் காலில் அதில் இருபதில் ஒன்று: 0.6 வோல்ட்.

இப்போது தேடவேண்டியது இது: எஸ்ஓடி-23 குடும்பத்து ஆறு கால் உடல், மின்னழுத்தம் உயர்த்தும் வகை, 1 மாற்றி, 2 கிரவுண்ட், 3 பின்னூட்டம், 4 இயக்கு, 5 உள்ளீடு, 6 காலி, ஒப்பு மின்னழுத்தம் 0.6. தயாரிப்பாளர்கள் வெளியிடும் விவரத்தாள்களில் இத்தனையும் பொருந்தும்படி நிற்கும் முதன்மையான பெயர் எம்டி3608. நொடிக்கு 12 லட்சம் முறை மாற்றும் சில்லு. அந்தப் பெயரில் விற்கும் பலகைகள் பலவற்றில், சில்லின் முகத்தில் பி628 என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். அதை மட்டும் படித்திருந்தால் எம்டி3608 என்ற பெயரை எட்டுவது எளிதாக இருந்திருக்காது.

இன்னும் ஒரு சரிபார்ப்பு செய்யலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். திருகு மின்தடையை முழுக்கத் திருகினால் 100 கிலோ ஓம். கீழே அதே 2.2. அப்போது 0.6 வோல்ட்டிலிருந்து திரும்பக் கணக்கிட்டால் வெளியீடு ஏறத்தாழ 27.9 வோல்ட். எம்டி3608இன் விவரத்தாளில் வெளியீட்டுக்குக் கொடுத்திருக்கும் உச்சவரம்பு 28 வோல்ட்! பலகையை வடிவமைத்தவர், பயனர் கடைசிவரை திருகினாலும் சில்லு தாங்கும் எல்லையைத் தாண்டிவிடாதபடி அந்த 2.2 கிலோ ஓம் மின்தடையைத் தேர்ந்திருக்கிறார். முகம் தெரியாத ஒரு பொறியாளரின் யோசனையை, ஒரு கருகிய துணுக்கைச் சுற்றியிருக்கும் செம்பிலிருந்து படித்துவிட்டோம்.

புதுச் சில்லை வைத்ததும் நேரடியாகப் பவர் பேங்கோடு இணைக்க வேண்டாம். மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய மின்வழங்கியில், வரம்பைக் குறைத்து வைத்து முதலில் பாருங்கள். திருகு மின்தடையின் முனையை மறுபடி பற்றவைத்தீர்களா என்றும் பாருங்கள். அது துண்டிக்கப்பட்டிருந்தால் பின்னூட்டக் காலுக்கு எதுவும் வராது. சில்லு வெளியீட்டை ஏற்றிக்கொண்டே போய்த் தன்னையே கொன்றுவிடும்.

இந்தப் பயிற்சியைக் குறைந்த மின்னழுத்தப் பலகைகளில் தொடங்குவது நல்லது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சார்ஜர், எல்இடி பல்பு போன்றவற்றில் 230 வோல்ட் மாறுமின்சாரம் நேராக்கப்பட்டு, உள்ளிருக்கும் மின்தேக்கியில் 325 வோல்ட்வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கலாம்.

வழி அடைபடும் இடங்கள்

சில தயாரிப்பாளர்கள் சில்லின் எழுத்தை வேண்டுமென்றே தேய்த்து அழித்துவிடுகிறார்கள். போட்டியாளர் நகலெடுப்பதைத் தடுக்கவாம். மேலே பார்த்ததுபோலத் தடங்களைத் தொடரத் தெரிந்த போட்டியாளரை அது தடுக்காது. பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் பழுதுபார்ப்பதைத்தான் தடுக்கிறது. ஒரு சிறிய சில்லுக்காக முழுக் கருவியும் குப்பைக்குப் போவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நிரல் எழுதப்பட்ட சில்லுகளில் சிக்கல் வேறு மாதிரியானது. வாஷிங் மெஷின் பலகையிலுள்ள மைக்ரோகண்ட்ரோலரின் பெயரைக் கண்டுபிடித்து, அதே பெயரில் புதிதாக வாங்கினாலும், அது வெற்றுச் சில்லு. எப்போது தண்ணீர் விடவேண்டும், எப்போது சுழலவேண்டும் என்ற நிரல் பழையதோடு போய்விட்டது. செல்போன்களில் மின்சாரப் பங்கீட்டைக் கவனிக்கும் சில்லுகள் சில, ஒரு நிறுவனத்துக்காக மட்டும் செய்யப்படுபவை. விவரத்தாளும் வெளியே கிடைக்காது. சில்லும் கடைக்கு வராது. இத்தகைய இடங்களில் கைகொடுப்பது அதே மாதிரியைச் சேர்ந்த இன்னொரு பலகைதான். நல்ல பலகையையும் பழுதான பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு புள்ளியாக டையோடு சோதனை செய்து, எண்கள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சில்லையே அதிலிருந்து பெயர்த்தெடுப்பார்கள். பழுதுபார்க்கும் கடைகளில் செத்த பலகைகள் மாதிரி எண் எழுதி உறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.